வெளியே கீறல்கூட இல்லை... உள்ளே குடலில் ஓட்டை!

"வைத்தியரய்யா, பேரனுக்கு வயித்துல வாயு பிடிச்சிருக்கு. ஒரு சூரணம் குடுத்து விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

1997-ஆம் வருடம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, அருப்புக்கோட்டையில் நான் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. நாடியில் கை வைத்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்த வயசு.

வந்தவர்கள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அப்பத்தாவும் பேரனும். பையனுக்குப் பதினோரு வயசு. முந்தின நாள் சாயங்காலம் வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கியிருக்கிறான். சைக்கிள் சாய்ந்தது. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியது. ரப்பர் பிடி கழன்று போய் வெறும் இரும்புக் குழாயாக இருந்த ஹேண்டில்பார்!

ராத்திரி முழுக்க வலி. ஊரில் குடலேற்றம் தட்டுகிறவரிடம் கூட்டிப்போய், விளக்கெண்ணெய் தடவி நீவி, தட்டி விட்டிருக்கிறார்கள். "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்ல சார்... நேத்து மாதிரி இல்ல" என்றான்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை, கீறல் இல்லை, வீக்கம் இல்லை. தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு லேசாகச் சிவந்த ஒரு வட்டம். அவ்வளவுதான். நாடி கொஞ்சம் வேகமாக ஓடியது. பையன் பயந்திருக்கிறான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஓமத் தண்ணீர் கொடுத்து, "வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கட்டும். சாயந்தரம் வந்து காட்டுங்க" என்று அனுப்பி வைத்தேன்.

சாயந்தரம் வந்தார்கள். பஸ்ஸில் அல்ல, வாடகைக் காரில்.

பையன் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தான். அசைய மாட்டேன் என்றான். மூச்சு மேலோட்டமாக, வேகமாக. பச்சை பச்சையாக வாந்தி. நாக்கு வறண்டிருந்தது. வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி இருந்தது! என் கை நடுங்கிவிட்டது. அதே காரில் நானும் ஏறிக்கொண்டேன். மதுரை ஐம்பது கிலோமீட்டர். அன்றைக்கு அது ஐநூறு கிலோமீட்டராகத் தெரிந்தது.

இரவே ஆபரேஷன். வெளியே வந்த அறுவை மருத்துவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சிறுகுடல்ல சுண்டுவிரல் நுனி நுழையற அளவுக்கு ஓட்டை. குடிச்ச கஞ்சி வயித்துக்குள்ள பரவிக் கெடந்துச்சு. விடியற வரைக்கும் வச்சிருந்தா கையை விட்டுப் போயிருக்கும்."

அந்தக் கஞ்சி நான் குடிக்கச் சொன்ன கஞ்சி.

பையன் பிழைத்துக்கொண்டான். மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். அப்பத்தா என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "கூடவே வந்தீகளே சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கடனைத்தான் இன்றைக்கு உங்களிடம் எழுதித் தீர்க்கப் பார்க்கிறேன்.

தோல் தப்பிக்கும், குடல் கிழியும்

"அடி பலமா இருந்தா மேலே காயம் இருக்கணுமே?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இருக்க வேண்டியதில்லை!

வயிற்றுத் தோலும் தசையும் நன்றாக வளைந்து கொடுக்கும். குத்து உள்ளே இறங்கும்போது அவை பின்வாங்கி, அடியைக் குடலிடம் ஒப்படைத்துவிடுகின்றன. குடலுக்குப் பின்னால் இருப்பதோ கல் மாதிரி முதுகெலும்பு. முன்னால் இரும்புக் குழாய், பின்னால் எலும்பு, நடுவில் மெல்லிய குடல். அம்மியில் வைத்த தக்காளிதான்.

இது ஒரு வழி. இன்னும் இரண்டு வழிகள் உண்டு.

சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். ஆனால், அது தொடங்குகிற இடத்திலும் பெருங்குடலோடு சேர்கிற இடத்திலும் இறுகக் கட்டப்பட்டிருக்கும். வேகமாகப் போகும் வண்டி சட்டென்று மோதி நின்றால், ஆடும் பகுதி முன்னால் பாய, கட்டிய பகுதி அங்கேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிழிசல்! மரத்திலிருந்து விழுகிறவர்களுக்கும் இப்படி ஆகலாம்.

மூன்றாவது, வெடிப்பு. காற்றும் நீரும் நிரம்பிய குடல் வளையம் ஒன்று இரண்டு பக்கமும் அடைபட்ட நிலையில் அமுக்கப்பட்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஊதின பலூன் போல வெடிக்கும்.

இவை மூன்றையும்விட மோசமான ஏமாற்றுக்காரன் ஒருவன் இருக்கிறான். அடிபட்ட அன்றைக்கு ஓட்டையே இருக்காது. குடலின் சுவர் கன்றிப் போயிருக்கும், அல்லது குடலுக்கு ரத்தம் கொண்டு வரும் குடல்தாங்கி ஜவ்வு கிழிந்திருக்கும். ரத்தம் கிடைக்காத அந்தத் துண்டு மெல்ல மெல்லச் செத்து, இரண்டு மூன்று நாள் கழித்து, சில சமயம் அதற்கும் பிறகு, ஓட்டை விழும். "அடிபட்டது ஞாயித்துக்கிழமை, இப்ப புதன்கிழமை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்துவிடாதீர்கள்!

அமிதாப் பச்சனுக்கே தப்பவில்லை

கிராமத்துப் பையன், விவரம் தெரியாத வைத்தியன், அதனால்தான் தாமதம் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தியாவே அறிந்த ஒருவருக்கும் இதே கதை நடந்தது.

1982 ஜூலை மாதக் கடைசி. பெங்களூரில் 'கூலி' படப்பிடிப்பு. சண்டைக் காட்சி. நடிகர் புனீத் இஸ்ஸாரின் குத்தை வாங்கிக்கொண்டு அமிதாப் பச்சன் மேஜை மீது விழவேண்டும். கணக்கு கொஞ்சம் தவறி, மேஜையின் விளிம்பு வயிற்றில் பலமாக இடித்துவிட்டது. ரத்தம் இல்லை. எழுந்து நடந்தார். காயத்தின் ஆழம் உடனே பிடிபடவில்லை. வலி ஏறிக்கொண்டே போன பிறகுதான் பெங்களூர் செயின்ட் ஃபிலோமினா மருத்துவமனையில் மருத்துவர் எச்.எஸ். பட் வயிற்றைத் திறந்தார். உள்ளே சிறுகுடல் கிழிந்திருந்தது.

பிறகு பம்பாய் பிரீச் கேண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மீண்டும் ஆபரேஷன். ஆகஸ்ட் 2-ஆம் தேதி உயிர் ஊசலாடி மீண்டது. நாடு முழுவதும் கோயில், மசூதி, சர்ச் என்று பிரார்த்தனை நடந்ததை வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். செப்டம்பர் 24-ஆம் தேதிதான் வீடு திரும்பினார். அப்போது ஏற்றிய ரத்தத்தின் மூலம் ஹெபடைடிஸ்-பி கிருமி தன் உடலில் புகுந்து, பின்னாளில் கல்லீரலின் பெரும்பகுதியைக் கெடுத்துவிட்டது என்பதை அவரே பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறார். 1983-ல் 'கூலி' வெளியானபோது, அந்த அடி விழுந்த காட்சியில் படத்தை நிறுத்திக் காட்டினார்கள்.

ஒரு மேஜை விளிம்பு. ஓரிரு நாள் தாமதம். இரண்டு மாத உயிர்ப் போராட்டம்!

வலி குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்

குடலில் ஓட்டை விழுந்தால் உள்ளே என்ன நடக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாம் குடிப்பதும், உமிழ்நீர், பித்தநீர், கணையநீர் என்று உடம்பு சுரப்பதும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் எட்டு லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. ஓட்டை வழியாக இது வெளியே கசிகிறது. வயிற்றறை முழுவதும் ஒரு மெல்லிய ஜவ்வு படர்ந்திருக்கிறது. விரித்துப் பார்த்தால் நம் தோலின் பரப்புக்குக் கிட்டத்தட்ட சமம். அந்த ஜவ்வு வெந்து போகிறது. தீப்புண் பட்ட தோலில் நீர் கோப்பதுபோல, ரத்தத்தில் உள்ள நீர் லிட்டர் கணக்கில் வயிற்றறைக்குள் இறங்குகிறது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராமலே ரத்த அழுத்தம் விழும், நாடி ஓடும், சிறுநீர் குறையும். குடல் அசைவை நிறுத்திவிடும். வயிறு உப்பும்.

மேல் குடலில் ஓட்டை என்றால் செரிமான நீர் சுடும். வலி உடனே உச்சத்துக்குப் போகும். நடுக்குடலில் ஓட்டை என்றால் அங்கே நீர் அவ்வளவு சுடாது, கிருமியும் குறைவு. அதனால் முதல் சில மணி நேரம் பெரிய ஆர்ப்பாட்டம் இருக்காது. பெருங்குடலில் ஓட்டை என்றால் மலமும் கோடிக்கணக்கான கிருமிகளும் நேராக வயிற்றறைக்குள்! ரத்தத்தில் விஷம் கலக்க ஒரு பொழுது போதும்.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. அடிபட்ட வேகத்தில் வந்த முதல் வலி மணிக்கணக்கில் மெல்லத் தணியும். ஓட்டை விழுந்த குடல் சுருங்கிக்கொள்வதும், வயிற்றில் திரை மாதிரி தொங்கும் கொழுப்பு மடிப்பு ஓடிவந்து ஓட்டையைப் போர்த்துவதும் சேர்ந்து கொஞ்ச நேரம் நிலைமையைச் சமாளிக்கும். இந்த இடைவேளையில்தான் குடலேற்றம் தட்டியவருக்குப் பேர் கிடைக்கிறது, ஓமத் தண்ணீர் கொடுத்த எனக்கும் பேர் கிடைக்கிறது. திரை விலகியதும் குட்டு வெளிப்படுகிறது. குழந்தைகளுக்கு அந்தக் கொழுப்புத் திரை ரொம்பச் சின்னது. அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் சரியாகக் கிடைப்பதில்லை.

எறும்புத் தையல்

"உங்க வைத்தியத்துல இதுக்கு மருந்தே இல்லையா?" என்று கேட்பீர்கள். பழைய வைத்தியர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. சுசுருத சம்ஹிதை என்னும் பழம்பெரும் ஆயுர்வேத அறுவை நூல், உணவோடு உள்ளே போன கூர்மையான பொருள் குடலைத் துளைப்பதால் வரும் நோயைத் தனியாகச் சொல்கிறது. அதற்கு அது சொல்லும் சிகிச்சை என்ன தெரியுமா? லேகியம் இல்லை, பஸ்பம் இல்லை. வயிற்றைத் திறந்து, குடலைக் கழுவி, கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட்டு, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் தையல் மாதிரி விட்டுவிடச் சொல்கிறது!

அந்தக் காலத்து ஆசானே கத்தியை எடுத்துத்தான் பார்த்திருக்கிறார். அப்படியிருக்க, நான் சூரணத்தால் ஓட்டையை அடைப்பேன் என்று சொன்னால் அது சாஸ்திரத்துக்கே விரோதம். வாயு, அஜீரணம், குன்மம் என்று வாருங்கள், பார்க்கிறேன். வயிற்றில் அடிபட்டு வந்தால் முதல் சீட்டு அறுவை மருத்துவருக்குத்தான்.

நம்ம பக்கத்தில் எங்கெல்லாம் ஆபத்து?

சைக்கிள் ஹேண்டில்பாரைச் சொல்லிவிட்டேன். இந்தக் கரிசல் காட்டில் வேறு சிலவும் உண்டு.

பனை ஏறுகிறவர்கள், கிணற்று வேலை பார்க்கிறவர்கள் விழுந்தால் கை கால் முறிவை மட்டும் பார்த்துவிட்டு வயிற்றை மறந்துவிடுகிறோம். மாடு உதைத்தாலும், கொம்பின் மழுங்கின பக்கம் இடித்தாலும் அப்படியே. மஞ்சுவிரட்டில் கொம்பு குத்திக் குடல் வெளியே வந்துவிட்டால், அதை உள்ளே தள்ளவே கூடாது. சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்து மேலே போர்த்தி, அப்படியே கொண்டு போங்கள்.

மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளக் காற்றுக் குழாய் வைத்திருப்பார்கள். அதை விளையாட்டாகச் சக தொழிலாளியின் ஆசனப் பக்கம் நீட்டும் கொடுமை நம் நாட்டில் பல ஊர்களில் நடந்து, உயிரே போயிருக்கிறது. உடுப்புக்கு மேலே வைத்தாலும் காற்று உள்ளே புகுந்து ஒரு நொடியில் பெருங்குடலைக் கிழித்துவிடும். இது விளையாட்டே அல்ல.

அடுத்தது, விழுங்குகிற பொருட்கள். கண்மாய் அழிந்தால் வீடு தோறும் மீன் குழம்புதான். முள்ளும் கோழி எலும்பும் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். நூற்றில் ஒன்று போலத்தான் குடலைத் துளைக்கும். பல்செட் கட்டியவர்களுக்கு வாயின் மேல்பக்கம் முள் தட்டுப்படுவது தெரியாது. அவர்கள் பார்த்துச் சாப்பிட வேண்டும். பெண்கள் சேலை கட்டும்போது ஊக்கை உதட்டில் கவ்வும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்தக் காலத்துப் பொம்மைகளில் வரும் சின்னக் காந்தங்கள் இன்னும் ஆபத்து. குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், வெவ்வேறு குடல் வளையங்களில் இருந்தபடியே அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலை நசுக்கித் துளைத்துவிடும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

வயிற்றில் பலமாக அடிபட்ட எவரையும் குறைந்தது ஒரு முழு நாள் கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு நாள் வரைக்கும் மனசில் வைத்திருக்க வேண்டும். கீழே சொல்வதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்:

● வயிற்றில் ஹேண்டில்பார் முனை, சீட் பெல்ட், கொம்பு போன்றவற்றின் தடம் தெரிவது. தடம் சின்னதாக இருந்தாலும் சரி.

● வலி குறைந்து மறுபடி ஏறுவது. இருமினாலும், நடந்தாலும், வண்டி குலுங்கினாலும் வலிப்பது.

● காலை மடக்கி அசையாமல் படுத்திருப்பது. வயிறு இறுகிப் போவது, அல்லது உப்புவது.

● தோள்பட்டையில் காரணமில்லாத வலி. வயிற்றறையின் மேல்பக்கம் உறுத்தினால் தோளில் வலிக்கும்.

● வாந்தி, அதிலும் பச்சை வாந்தி. காற்றுப் பிரியாமல் இருப்பது.

● காய்ச்சல், வேகமான நாடி, நா வறட்சி, சிறுநீர் குறைவு.

செய்யவே கூடாதவை

● குடலேற்றம் தட்டுதல், எண்ணெய் போட்டு நீவுதல், வர்மம் இளக்குதல் எதுவும் கூடாது. கன்றிய குடலைக் கிழிப்பதற்கும், கசிந்ததை எல்லாப் பக்கமும் பரப்புவதற்கும் இதைவிட வேறு வழி வேண்டாம்.

● விளக்கெண்ணெய், பேதி மருந்து, எனிமா கூடாது.

● சோறு, கஞ்சி, பால், சோடா, கசாயம் எதுவும் வேண்டாம். தாகம் என்றால் உதட்டை ஈரத் துணியால் ஒற்றுங்கள். முள்ளையோ ஊக்கையோ விழுங்கியவருக்கு வாழைப்பழமும் சோற்று உருண்டையும் திணிக்காதீர்கள்.

● வலி மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று படுக்காதீர்கள்.

108-ஐக் கூப்பிடுங்கள். சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். 1997-ல் எங்களுக்கு மதுரைதான் கதி. 2022-ல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசைப் பற்றிக் கவலை வேண்டாம். எப்போது, எதில், வயிற்றில் எந்த இடத்தில் அடிபட்டது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடி வாங்குமோ என்று பயந்து குழந்தைகள் விழுந்ததையே மறைத்துவிடும். முதலில் அந்தப் பயத்தைப் போக்குங்கள்.

நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால் ஓட்டை என்று புரிந்துவிடும். ஆனால், சிறுகுடல் ஓட்டையில் பலருக்கு அந்தக் காற்று தெரிவதே இல்லை. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள். "ஸ்கேன் எடுக்கணும், ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும், மணிக்கொரு தரம் வயித்தத் தொட்டுப் பாக்கணும்" என்று டாக்டர் சொன்னால், அது பணம் பிடுங்கும் வேலை அல்ல. இந்த நோயைப் பிடிப்பதற்கு அதுதான் வழி.

நேரத்தோடு போனால் சின்ன ஓட்டையைத் தைத்துவிடுவார்கள். குடலின் ஒரு பகுதி செத்திருந்தால் அதை வெட்டி, நல்ல முனைகளை இணைப்பார்கள். சிலருக்குச் சில மாதம் மலம் வயிற்றின் வழியாகப் பையில் வரும்படி செய்வார்கள். அது பெரும்பாலும் தற்காலிகம்தான், மனம் உடைய வேண்டாம். சர்ஜன் "இனி வாயால் சாப்பிடலாம்" என்று சொன்ன பிறகு வாருங்கள். நொய்க்கஞ்சி, மோர், குழைந்த சாதம், பாசிப்பருப்பு என்று படிப்படியாகத் தேற்றுவதில் எங்கள் பங்கு உண்டு. அதற்கு முன்னால் இல்லை.

அந்தப் பையன் இப்போது நாற்பதை நெருங்குகிறான். போன மாதம் மகளுக்குச் சளி என்று கூட்டி வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறார்களாம். "என்னப்பா, ஓட்டப் பழகிட்டாளா?" என்றேன்.

"பழகிட்டா சார். ஹேண்டில்பார் ரப்பர் ரெண்டும் இறுக்கமா இருக்கான்னு வாரத்துக்கு ஒரு தடவ நான்தான் திருகிப் பாப்பேன்" என்றான்.

உங்கள் வீட்டுச் சைக்கிளையும் இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். ரப்பர் கழன்று குழாய் தெரிந்தால், புதுப் பிடியை வாங்கி மாட்டிவிடுங்கள்.